பிஞ்ச் ஈட்டிங்கை ஆப் வைத்துச் சரிசெய்ய முடியுமா? கேள்வி பதில்

நான் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். சாப்பாட்டோடு போராடுகிறவர்களைப் பார்ப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. பிஞ்ச் ஈட்டிங் என்றால் நிறுத்த முடியாமல் அளவுக்கு மீறிச் சாப்பிடும் கோளாறு. "டாக்டரிடம் போக வெட்கமாக இருக்கிறது, போனிலேயே ஏதாவது ஆப் இருந்தால் சொல்லுங்கள்" என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்து, அடையாளம் தெரியாத மாதிரி மாற்றிப் போட்டிருக்கிறேன். மாத்திரை பற்றிக் கேட்டவர்கள் சைக்கியாட்ரிஸ்ட்டைப் பாருங்கள், அதை நான் சொல்லக் கூடாது.

கேள்வி: கல்யாண வீட்டில் மூன்று தடவை பாயசம் வாங்குவேன். ராத்திரி ஒரு பெரிய பாக்கெட் சிப்ஸைத் தனியாக முடிப்பேன். எனக்கு இந்த நோய் இருக்கிறதா மேடம்?

பாயசத்தை விடுங்கள், பந்தியில் எல்லோரும் அப்படித்தான். சிப்ஸ் விஷயத்தில் நான் கேட்பது, பாதியில் நிறுத்த நினைத்தால் உங்களால் நிறுத்த முடிகிறதா? இரண்டு மணி நேரத்துக்குள், அதே சூழ்நிலையில் மற்றவர்கள் சாப்பிடுவதைவிடத் தெளிவாக அதிகம் சாப்பிட்டு, கை நம் பேச்சைக் கேட்கவில்லை என்ற உணர்வும் சேர்ந்தால்தான் அது பிஞ்ச். பசியே இல்லாமல், வேகவேகமாக, வயிறு வலிக்கும் வரை, யாரும் பார்க்காத நேரத்தில் சாப்பிட்டுவிட்டு, பிறகு தன் மேலேயே அருவருப்பு வரும். வாரத்துக்கு ஒரு முறையாவது, மூன்று மாதமாக இப்படி நடந்தால் நோய் என்று கணக்கில் எடுப்போம். அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு 2013 பதிப்பில்தான் இதைத் தனி நோயாகச் சேர்த்தது. குண்டாக இருப்பவர்களுக்கு மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள்.

கேள்வி: ஆப் எல்லாம் உண்மையில் வேலை செய்யுமா, காசு பிடுங்கும் வேலையா?

இரண்டும் உண்டு. ஆப் வருவதற்கு முன்பே இந்தச் சிகிச்சை இருந்தது. ஆக்ஸ்போர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் என்ற மனநல மருத்துவர் வகுத்த முறை, சிபிடி என்கிற சிந்தனை-நடத்தைச் சிகிச்சையின் ஒரு வடிவம், அதை நோயாளி தானே படித்துத் தானே செய்யலாம், கூட ஒருவர் அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும். இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டிகளை வெளியிடும் நைஸ் அமைப்பு 2017 வழிகாட்டியில் பெரியவர்களின் பிஞ்ச் ஈட்டிங்குக்கு முதலில் கொடுக்கச் சொல்வதே இந்தச் சுய உதவி முறையைத்தான். 16 வாரத்தில் நான்கு முதல் ஒன்பது சந்திப்பு, ஒவ்வொன்றும் இருபது நிமிடம். நல்ல ஆப் என்பது அந்த முறையைப் போனுக்குள் வைத்தது, அவ்வளவுதான். அலாரம் அடிக்கத் தெரிந்த ஒரு நோட்டுப் புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சோதனைகள் நடந்திருக்கின்றன. 2020-இல் அமெரிக்காவில் 225 பேரை வைத்து ஒன்று. சுய உதவியோடு, சாப்பிட்டதைப் பதிவு செய்யும் ஓர் ஆப்பும் போன்வழி வழிகாட்டுநரும் சேர்ந்தபோது, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட நல்ல பலன். ஆப் நூம் நிறுவனத்துடையதுதான், ஆனால் உங்களுக்கு விளம்பரத்தில் வரும் எடை குறைப்புத் திட்டம் வேறு, அந்தச் சோதனையில் இருந்தது வேறு. இதைக் குழப்பிக்கொண்டு சந்தா கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே காலகட்டத்தில் ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழகத்தில் 392 பேரிடம் இன்னொன்று. அதில் வழிகாட்டுநர் கிடையாது, வெறும் ஆப். ஆப் இன்னும் கொடுக்கப்படாமல் காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களைவிட, ஆப் பயன்படுத்தியவர்களுக்கு பிஞ்ச் அதிகம் குறைந்தது, ஆனால் கலந்துகொண்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பாதியிலேயே காணாமல் போய்விட்டார்கள். என் அனுபவத்திலும் அதுதான். ஆப் தோற்பதில்லை, மூன்றாவது வாரம் யாரும் அதைத் திறப்பதில்லை. வாரம் ஒரு முறை "என்ன எழுதினாய், காட்டு" என்று கேட்க ஓர் ஆள் இருந்தால் நிலைமை வேறு.

கேள்வி: சரி, எந்த ஆப்? பெயர் சொல்லுங்கள் அக்கா.

ரெக்கவரி ரெக்கார்ட். உணவுக் கோளாறுக்கென்றே செய்தது, கலோரி கேட்காது. என்ன சாப்பிட்டாய், எங்கே, யாரோடு, அப்போது மனசு எப்படி இருந்தது, இதைத்தான் கேட்கும். உங்களைப் பார்க்கும் சைக்காலஜிஸ்டையும் அதில் இணைக்க முடியும். இங்கிலீஷ் தடுக்கிறது என்றால் நாற்பது பக்க நோட்டும் போன் அலாரமும் போதும், கிண்டல் இல்லை, முதலில் இந்த முறை பேப்பரில்தான் நடந்தது.

கேள்வி: நான் ஏற்கெனவே கலோரி ஆப்பில் எல்லாவற்றையும் எழுதுகிறேன். அதுவே போதாதா? வெயிட் குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் அல்லவா?

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். காலையில் டிபன் வேண்டாம் என்று முடிவெடுக்கிறீர்கள், மதியம் ஒரு கப் சாதம், சாயங்காலம் கிரீன் டீ. ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டில் யாரோ முறுக்கு டப்பாவைத் திறக்கிறார்கள், ஒன்று எடுக்கிறீர்கள், ஆப்பில் கணக்கு சிவப்பாக மாறுகிறது, "போச்சு, இன்றைக்குக் கெட்டுவிட்டது, நாளையிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்" என்று டப்பாவே காலி. மறுநாள் அதற்குத் தண்டனையாக இன்னும் குறைவாகச் சாப்பிடுவீர்கள், ராத்திரி மறுபடியும் அதே கதை. பட்டினியும் கறாரான விதியும்தான் இந்தச் சக்கரத்தைத் தள்ளிவிடுகின்றன, கலோரி ஆப் அந்த விதிக்குக் காவல்காரன். உணவுக் கோளாறு உள்ள 105 பேரிடம் மைஃபிட்னஸ்பால் என்ற கலோரி ஆப் பற்றிக் கேட்ட ஆய்வு ஒன்று 2017-இல் வந்தது. முக்கால்வாசிப் பேர் அதைப் பயன்படுத்தியிருந்தார்கள், அவர்களில் 73 சதவீதம் பேர் தங்கள் நோயில் அதற்கும் பங்கு உண்டு என்றார்கள். ஆப்தான் நோயை உண்டாக்கியது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது, ஆனாலும் என்னிடம் வருகிறவர்களிடம் முதல் நாளே அதை அழிக்கச் சொல்லிவிடுவேன்.

சிகிச்சை நடக்கும்போது டயட் வேண்டாம் என்றுதான் நைஸ் வழிகாட்டியும் சொல்கிறது. பிஞ்ச் நின்றாலும் எடை பெரிதாக மாறாமல் போகலாம், இதை முன்பே தெரிந்துகொள்ளுங்கள். எடை பார்ப்பது வாரம் ஒரு முறை போதும், தினமும் வேண்டாம்.

கேள்வி: ஓஎம்ஆர் ரோட்டில் நைட் ஷிஃப்ட். மூன்று வேளை சாப்பாடு என்று ஆப் சொல்கிறது. எனக்கு எது காலை, எது இரவு?

கடிகாரத்தைப் பார்க்காதீர்கள், எழுந்த நேரத்திலிருந்து எண்ணுங்கள். மூன்று சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று சிறுதீனி, எந்த இரண்டுக்கும் இடையில் நான்கு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. மதியம் இரண்டுக்கு எழுந்தால் மூன்று மணிக்குள் முதல் சாப்பாடு, கிளம்பும் முன் சுண்டலோ பழமோ, எட்டு மணிக்குச் சாப்பாடு, நள்ளிரவில் சின்னதாக ஏதாவது, மூன்று மூன்றரைக்கு இன்னொரு சாப்பாடு. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் அலாரம் அடித்தால் சாப்பிட வேண்டும். முதல் சில வாரம் பசியை நம்பாதீர்கள், அது குழம்பிப் போயிருக்கும். என்ன சாப்பிடுவது என்பதைவிட எப்போது என்பதுதான் இப்போதைக்கு முக்கியம், இட்லியா தோசையா என்று என்னைக் கேட்காதீர்கள்! முந்தைய நாள் பிஞ்ச் நடந்திருந்தாலும் மறுநாள் முதல் வேளையை விடக் கூடாது. எல்லோருமே தடுக்கி விழும் இடம் அதுதான்.

கேள்வி: வெள்ளிக்கிழமை, சஷ்டி விரதம் இருக்கலாமா?

இந்த நான்கைந்து மாதம் வேண்டாம். கோயிலுக்குப் போங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: பிஞ்ச் ஆன நாளில் ஆப்பைத் திறக்கவே மாட்டேன். எழுத அசிங்கமாக இருக்கிறது. அம்மா வேறு போனை எடுத்துப் பார்ப்பார்கள்.

நன்றாகப் போன நாட்களை மட்டும் எழுதிக்கொண்டு வந்தால் எனக்கு அதில் பார்க்க எதுவும் இல்லை. அந்த மோசமான நாளின் இரண்டு வரிதான் வேண்டும். ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதாமல் சாப்பிட்ட உடனேயே: மணி, என்ன, எங்கே, அதற்கு அரை மணி முன்னால் என்ன நடந்தது. இரண்டு வாரத்தில் ஒரு வடிவம் தெரியும். ஒருவருக்கு மாமியாரிடமிருந்து போன் வந்த நாட்கள், இன்னொருவருக்கு மதியச் சாப்பாடு தள்ளிப்போன நாட்கள். "தொடர்ந்து இத்தனை நாள்" என்று எண்ணும் வசதி ஆப்பில் இருந்தால் அணைத்துவிடுங்கள், ஒரு நாள் விட்டதும் எல்லாம் போச்சு என்று தோன்ற வைக்கும். அம்மாவுக்காக ஆப்புக்குத் தனி லாக் போட்டு, நோட்டிஃபிகேஷனையும் மறைத்துவிடுங்கள்.

கேள்வி: ராத்திரி பதினொரு மணிக்கு டெலிவரி ஆப் கூப்பிடுகிறதே?

சேமித்து வைத்த கார்டை நீக்குங்கள், பத்து மணிக்கு மேல் அந்த ஆப்பை லாக் செய்யுங்கள். ஆசை ஏறும், கொஞ்ச நேரம் நிற்கும், இறங்கும். அந்த நேரத்தைக் கடத்த என்ன செய்வது என்று பகலிலேயே பட்டியல் எழுதி வைத்திருங்கள்: குளியல், தங்கைக்குப் போன், மொட்டை மாடியில் நடை. டிவி அதில் சேராது, டிவி பார்த்துக்கொண்டே சாப்பிடவும் முடியுமே.

கேள்வி: இதற்கெல்லாம் ஏஐ சாட்பாட் இருக்கிறதே, அதனிடம் கேட்கலாமா?

அமெரிக்காவில் உணவுக் கோளாறுகளுக்கான தேசிய அமைப்பு 2023-இல் டெஸ்ஸா என்ற சாட்பாட்டை நிறுத்த வேண்டி வந்தது. உணவுக் கோளாறைத் தடுக்க வைத்த சாட்பாட், வந்தவர்களுக்குக் கலோரியைக் குறைத்து எடை இறக்கும் ஆலோசனை சொன்னது. அலாரம் வைக்க, பட்டியல் போட ஏஐயைக் கேளுங்கள். டயட் கேட்காதீர்கள், கேட்டால் சந்தோஷமாகக் கொடுத்துவிடும்.

கேள்வி: நாம் எழுதுவதை விற்றுவிட மாட்டார்களா?

நியாயமான பயம். ஆன்லைன் கவுன்சலிங் நிறுவனமான பெட்டர்ஹெல்ப், பயனாளிகளின் தகவலை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அமெரிக்க அரசு அமைப்பு தொடுத்த வழக்கில் 2023-இல் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. உண்மைப் பெயர் வேண்டாம், தனி மெயில் ஐடி வையுங்கள், கான்டாக்ட், லொகேஷன் அனுமதி கேட்டால் மறுத்துவிடுங்கள். இலவச வாரம் முடிந்ததும் தானாகப் பணம் எடுக்கும், ஆப்பை அழித்தாலும் சந்தா போகாது, பிளே ஸ்டோரில் போய்த் தனியாக நிறுத்த வேண்டும்.

கேள்வி: எப்போது ஆப் போதாது என்று தெரியும்?

சாப்பிட்டதை வாந்தி எடுக்கிறீர்கள், பேதி மாத்திரை போடுகிறீர்கள் என்றால் ஆப்போடு நிற்காமல் இப்போதே டாக்டரைப் பாருங்கள், உடம்பில் பொட்டாசியம் இறங்கி இதயத் துடிப்பே தடுமாறலாம். கர்ப்பிணிகள், 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள், சுகருக்கு இன்சுலின் போடுகிறவர்கள், நீங்களும் முதலில் நேரில்தான். சாப்பாட்டு நேரத்தை மாற்றினால் இன்சுலின் அளவும் மாற வேண்டியிருக்கும். செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் உடனே 14416, அரசின் டெலி மானஸ், இருபத்திநாலு மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். இவை எதுவும் இல்லை, ஒழுங்காக எழுதுகிறீர்கள், வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள், நான்கு வாரம் ஆகியும் அசைவே இல்லை என்றால் ஆளைத் தேடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. "அதிகமாகச் சாப்பிடுகிறேன்" என்று மட்டும் சொன்னால் டயட் சார்ட் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "நிறுத்த முடியவில்லை" என்று சொல்லுங்கள், நோட்டைக் காட்டுங்கள்.

கேள்வி: மனைவிக்கு இந்தப் பிரச்சினை. அவள் ஆப்பில் எழுதுவதை நான் பார்க்கலாமா?

அவராகக் காட்டினால் பாருங்கள், நீங்களாக எடுக்காதீர்கள். தட்டைப் பார்த்து எதுவும் சொல்லாதீர்கள், "இன்றைக்குக் கம்மியாகச் சாப்பிட்டாய், வெரி குட்" என்ற பாராட்டும் அதில் சேர்த்திதான். சாப்பாட்டு நேரத்துக்கு நீங்களும் கூட உட்காருங்கள். வாரத்தில் ஒரு நாள் இருபது நிமிடம் சேர்ந்து பேச அவர் சம்மதித்தால், பிள்ளைகள் தூங்கிய பிறகு, அவரே படித்துக் காட்டட்டும், "அதற்கு முன்னால் என்ன நடந்தது" என்று மட்டும் கேளுங்கள். வீட்டில் எந்தத் தின்பண்டம் இருக்கலாம், எது இப்போதைக்கு வேண்டாம் என்பதையும் அவரிடமே கேட்டு வாங்குங்கள், பூட்டி வைக்காதீர்கள்.