ஓட்டு வாங்கித் தரும் பாட்டு: பணம் கொடுக்கலாமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் இருக்கிறோம். மகளுக்கு 19 வயது. மியூசிக்கல் நாடகத்துக்கு நாயகி தேடும் டிவி போட்டி அடுத்து எது வந்தாலும் கலந்துகொள்ளப் போகிறாள். மக்கள் ஓட்டை அள்ளும் பாட்டுப் பட்டியல் தருவதாக ஒரு பயிற்சியாளர் பெருந்தொகை கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. பாட்டு உங்கள் மகள் கையில் இருப்பது பெரும்பாலும் முதல் ஆடிஷனில்தான். நேரலைச் சுற்றுகளில் பாட்டு உரிமம், வாத்தியக் குழு, அந்த வார நிகழ்ச்சியின் போக்கு என்று தயாரிப்புக் குழுவின் கைதான் ஓங்கியிருக்கும். அங்கே அந்தப் பட்டியல் செல்லாக்காசு. "உள்ளே ஆள் இருக்கிறார்" என்று சொல்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். அப்படிச் சொல்லியே பிழைப்பவர்கள் ஏராளம்.

பாட்டு ஓட்டை மாற்றுமா? மாற்றும். டிவிக்காகப் பாட்டை ஒன்றரை, இரண்டு நிமிடத்துக்கு வெட்டிவிடுவார்கள். மெல்ல வளர்ந்து உச்சத்துக்குப் போகும் நாடகப் பாட்டு தலையும் வாலும் இல்லாமல் நிற்கும். தெரிந்த பல்லவிக்கும் கடைசியில் இழுக்கும் மேல் ஸ்வரத்துக்கும் ஓட்டு விழும். மாதக்கணக்கில், வாரம் எட்டுக் காட்சி வரை நடக்கும் நாடகத்துக்கு இப்படியா ஆள் எடுப்பது? கேட்க நாதியில்லை.

இதைப் பார்த்துச் சுருதியை ஏற்றிவிடுவதுதான் பெரிய பொறி. முழுப் பாட்டையும் நடந்துகொண்டே மூன்று தடவை பாடச் சொல்லுங்கள். மூன்றாவதில் தோள் ஏறினால், கழுத்து நரம்பு புடைத்தால், சுருதி அதிகம். அரைச் சுருதி இறக்குங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு, அதை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். 2006 முதல் 2010 வரை பிபிசி நடத்திய இத்தகைய போட்டிகளில் ஓட்டு குறைந்த இருவர் சேர்ந்து பாட, ஒருவரை மியூசிக்கல் நாடக இசையமைப்பாளர் ஆண்ட்ரூ லாய்ட் வெப்பர் காப்பாற்றினார். அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் ஓட்டுப் போட்டவர் அவர்தான். அவர் தேடியது பாத்திரத்தை. அங்கே சத்தம் எடுபடவில்லை. ஆனால் இறுதிச் சுற்றில் முடிவு மக்களுடையது. 2008-ல் 'ஆலிவர்!' நாடகத்தின் நான்சி பாத்திரத்துக்கு ஆள் தேடியபோது அவர் மனம் ஜெஸ்ஸி பக்லி பக்கம் இருந்தது; மக்கள் ஜோடி பிரெங்கரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே இரண்டு பாட்டு தயாராக இருக்கட்டும்: ஒன்று ஊருக்கே தெரிந்தது, ஒன்று பாத்திரத்துக்குப் பொருந்துவது.

அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதி போதும். நல்ல பியானோ கலைஞர் ஒருவரோடு உட்கார்ந்து, சுருதியையும் எங்கே வெட்டுவது என்பதையும் முடிவு செய்யுங்கள். அப்புறம், ரசீது கேட்டு வாங்குங்கள்.