ஹம்ப்டா கணவாய்க்குப் போகிறவர்கள் கேட்டவை

ஜூன் கடைசியில் இமாச்சலத்தின் ஹம்ப்டா கணவாயை நடந்து கடக்க வட சென்னையிலிருந்து ஒரு கூட்டம் கிளம்புகிறது. தண்டையார்பேட்டை, காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர் என்று எல்லாப் பக்கத்து ஆட்களும் இருக்கிறார்கள். பாதிப் பேருக்கு மேல் பனியை சினிமாவில்தான் பார்த்திருக்கிறார்கள். வருஷா வருஷம் அந்தப் பக்கம் ஆட்களைக் கூட்டிப் போகிறவன் என்பதால் கேள்வியெல்லாம் என்னிடம் வந்தது. திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கு இங்கே பதில்.

வியாசர்பாடி, கல்லூரி மாணவர்: அண்ணா, இந்த ஹம்ப்டா எங்க இருக்கு? எவ்ளோ உயரம்?

பீர் பஞ்சால் மலைத்தொடரில், குலு பள்ளத்தாக்குக்கும் லாகுலுக்கும் நடுவே. உயரம் சுமார் 4,270 மீட்டர், அதாவது 14,000 அடி. மணாலியிலிருந்து ஜோப்ரா வரை வண்டி போகும். அதற்கப்புறம் நடைதான். சிக்கா, பாலு கா கேரா என்ற இடங்களில் தங்கி, மூன்றாம் நாள் கணவாயைக் கடந்து ஷியா கோருவில் இறங்கி, மறுநாள் சத்ருவில் சந்திரா ஆற்றங்கரைக்கு வந்து சேர்வோம். கத்தி (Gaddi) என்ற மலைச் சமூகத்து ஆட்டிடையர்கள் கோடையில் மந்தைகளை ஓட்டிப் போகும் வழி இது.

இந்தக் கணவாயின் அழகு உச்சியில் இல்லை, அது கடந்த பிறகுதான் தெரியும். ஏறும் பக்கம் புல்வெளி, பூ, மேப்பிள் மரம், ஓடைகள். இறங்கும் பக்கம் ஒரு மரம் கிடையாது, வெறும் பாறையும் மண்ணும். தென்மேற்குப் பருவக்காற்று பீர் பஞ்சாலில் மோதி குலு பக்கமே மழையைக் கொட்டிவிடுகிறது. லாகுலுக்கு மிச்சம் மீதிதான். நம்ம ஊருக்கு ஜூலையில் சரியாக மழை வராததற்கு மேற்குத் தொடர்ச்சி மலை என்று பள்ளியில் படித்தோமே, அதே கதையை அங்கே ஒரே நாளில் நடந்து பார்க்கலாம்.

ராயபுரம், ஜிம் பயிற்சியாளர்: தினமும் பத்து கிலோமீட்டர் ஓடுறேன். எனக்கெல்லாம் மலை நோய் வராதுதானே?

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு வரும் வாய்ப்பு கொஞ்சமும் குறைவில்லை. கால் பலத்துக்கும், உயரம் ஒத்துக்கொள்ளாமல் வரும் இந்த மலை நோய்க்கும் சம்பந்தமே கிடையாது. சொல்லப்போனால் நல்ல உடம்புக்காரர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். மூச்சு வாங்கவில்லையே என்று விறுவிறுவென்று ஏறிவிடுகிறார்கள், ராத்திரி கூடாரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

ராயபுரத்திலும் கணவாயிலும் காற்றில் ஆக்ஸிஜனின் பங்கு ஒன்றுதான், நூற்றுக்கு 21. ஆனால் மேலே காற்றழுத்தம் குறைவு. 4,270 மீட்டரில் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 60 சதவீதம்தான். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்ஸிஜனும் அந்தக் கணக்கில் குறைகிறது. உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும், ஆனால் தன் வேகத்தில்தான் பழகும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, தூங்கும் இடத்தின் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்பது மலை மருத்துவத்தில் பொதுவாகச் சொல்லும் விதி. பகலில் எவ்வளவு ஏறினீர்கள் என்பதைவிட ராத்திரி எங்கே படுத்தீர்கள் என்பதுதான் கணக்கு.

இப்போது நம்ம பயணத்தைப் பாருங்கள். சென்னை கடல் மட்டம். மணாலி சுமார் 2,050 மீட்டர். சிக்கா சுமார் 3,100. பஸ்ஸில் இறங்கிய அன்றைக்கே ஜோப்ராவுக்கு வண்டி ஏறினால் உடம்புக்குப் பழக நேரமே இல்லை. அதனால்தான் மணாலியில் இரண்டு ராத்திரி போட்டிருக்கிறேன். "சும்மா உட்கார எதுக்குண்ணா ரூம் வாடகை" என்று ஏற்கனவே மூணு பேர் கேட்டாச்சு. பன்னிரண்டாயிரம் ரூபாய் ஷூவைவிட அந்த இரண்டு ராத்திரிதான் உங்களைக் கணவாய் தாண்ட வைக்கும்.

தலைவலி, அதோடு குமட்டலோ பசியின்மையோ தலைசுற்றலோ அசதியோ வந்தால் மலை நோய் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ராத்திரி நன்றாகக் குடித்தவன் மறுநாள் காலை இருப்பது மாதிரி இருக்கும். இந்த நிலையில் மேலே ஏறக்கூடாது. அங்கேயே ஓய்வு, தண்ணீர், கொஞ்சம் சாப்பாடு. பெரும்பாலும் ஒரு நாளில் தெளிந்துவிடும்.

தெளியாமல் முற்றினால் இரண்டு விதம். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு இரைத்தால், இருமல் விடாமல் வந்தால், நுரையீரலில் நீர் கோக்கிறது. பேச்சு குழறினால், நடை தள்ளாடினால், மூளை வீங்குகிறது. யார் மேலாவது சந்தேகம் வந்தால் நான் கூடார வாசலில் தரையில் ஒரு கயிற்றை நீட்டிப் போடுவேன். ஒரு காலின் குதிகால் மறுகாலின் கட்டைவிரலைத் தொடுகிற மாதிரி வைத்து வைத்து அதன் மேல் நடக்க வேண்டும். கயிற்றை விட்டு விலகினால் ராத்திரி இரண்டு மணியானாலும் கீழே இறக்கிவிடுவோம். ஆக்ஸிஜன் சிலிண்டரும் மருந்தும் இறங்கும் வரை தாக்குப்பிடிக்கத்தான். அந்த நேரத்தில் "நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று யாரும் என்னோடு மல்லுக்கட்டக் கூடாது.

கொருக்குப்பேட்டை, மெடிக்கல் ஷாப் ஊழியர்: டயாமாக்ஸ் மாத்திரை போட்டுட்டா போதுமா?

போதாது. டயாமாக்ஸ் என்று விற்கும் அசிட்டசோலமைடு ரத்தத்தைக் கொஞ்சம் அமிலத்தன்மைக்குத் தள்ளும், அதனால் மூச்சு தானாகக் கூடும். பழகுவதை அது வேகப்படுத்தும், அவ்வளவுதான். தடுப்புக்கு 125 மில்லிகிராம் காலையும் மாலையும் என்பது வழக்கமான அளவு. விரல் நுனி மதமதக்கும், அடிக்கடி ஒன்றுக்கு வரும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. மற்றவர்களும் கேட்டுவிட்டே போடுங்கள்.

அப்புறம், கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை எல்லாரும் தூக்கிக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும். அந்த உயரத்தில் 80களில் காட்டுவது சகஜம். வீட்டுக்கு போட்டோ அனுப்பி அம்மாவை அழ வைக்காதீர்கள்.

திருவொற்றியூர், ஓய்வு பெற்ற ஆசிரியை: தம்பி, எனக்கு 58 வயது, சர்க்கரையும் இருக்கு. வரலாமா?

வயது தடை இல்லை அக்கா. நிதானமாக நடக்கிறவர்களுக்கு மலை தோதாகத்தான் இருக்கும். இதயப் பரிசோதனை செய்து, டாக்டர் சரி என்று எழுதிக் கொடுத்தால் வாருங்கள். இன்சுலின் போடுகிறவர் என்றால் ஒன்று முக்கியம்: அது உறையக்கூடாது. ஒருமுறை உறைந்துவிட்டால் அப்புறம் உருகினாலும் பயன்படாது. பகலில் உள்சட்டைப் பையிலும் ராத்திரி தூங்கும் பைக்குள்ளும் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவியும் குளிரில் தப்பாகக் காட்டும், கையில் சூடேற்றிவிட்டுப் பாருங்கள்.

தண்டையார்பேட்டை, ஐடி ஊழியர்: நம்ம ஏரியாவில மேடே இல்லையே, எங்க பயிற்சி எடுக்கிறது?

படிதான். ஹவுசிங் போர்டு மாடிப்படி, ரயில்வே நடைமேம்பாலம், தண்டையார்பேட்டை சுரங்க மெட்ரோ நிலையத்தில் தெருவிலிருந்து இறங்கும் படி. முதுகில் ஐந்தாறு கிலோ பையோடு முக்கால் மணி நேரம் ஏறி இறங்குங்கள். மெட்ரோவில் செக்யூரிட்டி ஒரு மாதிரி பார்ப்பார், விஷயத்தைச் சொன்னால் சிரித்துவிட்டு விட்டுவிடுவார். ஏறுவதைவிட இறங்குவதைக் கவனியுங்கள். முழங்கால் மூட்டைப் பதம் பார்ப்பது இறக்கம். கணவாயிலிருந்து ஷியா கோருவுக்கு இறக்கம் செங்குத்து, கூழாங்கல்லும் பனியும் கலந்தது. மெதுவாக, கட்டுப்பாட்டோடு இறங்கப் பழகியவருக்கு அங்கே பாதி வேலை மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை நிஜ மேடு வேண்டுமென்றால் நமக்கு வசதி சூளூர்பேட்டை பாசஞ்சர். தடா பக்கத்து மலைக்குப் போய் வரலாம். வனத்துறை அனுமதி அந்த வாரம் உண்டா என்று விசாரித்துவிட்டுப் போங்கள்.

காசிமேடு, விசைப்படகு ஓட்டுநர்: கடல்ல புயல் வந்தா துறைமுகத்துல கூண்டு ஏத்துவாங்க. மலைல யாருண்ணா சொல்றது?

இவ்வளவு கேள்வியில் நான் ரசித்த கேள்வி இதுதான். மலையில் கூண்டு கிடையாது. ஆனால் கூண்டு ஏற்றச் சொல்லும் அதே வானிலைத் துறைதான் அங்கேயும் மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை கொடுக்கிறது. குலு, லாகுல்-ஸ்பிதி இரண்டையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏறுவது ஒரு மாவட்டம், இறங்குவது இன்னொன்று. சிக்காவுக்கு அப்புறம் போனில் சிக்னலை நம்ப முடியாது. கிளம்பும் முன் பார்த்ததை வைத்துத்தான் முடிவு.

நீங்கள் கடல்காரர் என்பதால் இதைச் சொல்கிறேன். 2014 அக்டோபரில் ஹுட்ஹுட் புயல் ஞாபகம் இருக்கிறதா? அந்தமான் பக்கம் உருவாகி, 12ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரை ஏறியது. கரை ஏறியதும் நமக்கெல்லாம் அது முடிந்த கதை. ஆனால் அதன் மிச்ச ஈரம் வடக்கே நகர்ந்து, 14ஆம் தேதி நேபாளத்தில் இமயமலையில் மோதிப் பனியாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத் தோராங் லா கணவாயில் அன்றைக்கு நடந்துகொண்டிருந்தவர்கள் அதில் சிக்கினார்கள். அந்த வட்டாரத்தில் மொத்தம் 43 பேராவது இறந்தார்கள். அக்டோபர் என்பது அங்கே வானம் தெளிந்திருக்கும் காலம். அந்த நம்பிக்கையில்தான் போனார்கள். நம்ம வங்கக் கடலில் கிளம்பிய புயல் இரண்டே நாளில் அங்கே போய்விட்டது. அதனால் இமயமலைக்குப் போகிறவர் வங்கக் கடலையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

ஹம்ப்டாவைப் பொறுத்தவரை பயம் வேறு மாதிரி. 2023 ஜூலையில் குலு, மணாலி பக்கம் பேய்மழை, பியாஸ் ஆறு ரோட்டையே அரித்துக்கொண்டு போனது. அதே நாட்களில் சத்ருவுக்கு மேலே சந்திரதால் ஏரியில் சுற்றுலா வந்தவர்கள் பனியில் மாட்டி, மீட்கப்பட்டார்கள். அன்றாடம் பார்த்தால், காலையில் வானம் பளிச்சென்று இருக்கும், மதியத்துக்கு மேல் மேகம் திரளும். அதனால் கணவாய் நாளன்று விடிவதற்குள் கிளம்பி மதியத்துக்குள் உச்சியைத் தாண்டிவிட வேண்டும். பன்னிரண்டு மணிக்கும் உச்சி எட்டாவிட்டால் திரும்பிவிடுவோம். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அங்கே நின்று பஞ்சாயத்து வேண்டாம்.

எண்ணூர், அனல்மின் நிலைய ஒப்பந்தத் தொழிலாளர்: வழியில ஆறு கடக்கணும்னு சொன்னாங்க. நீச்சல் தெரியணுமா?

நீச்சல் உதவாது, ஆழமே இல்லை. முழங்கால் அளவுத் தண்ணீர்தான். ஆனால் உருகிய பனி என்பதால் அரை நிமிஷத்தில் கால் மரத்துவிடும், இழுப்பும் பலம். வெயில் ஏற ஏற பனி உருகி ஓடை பெருக்கும், ஆகவே ஷியா கோருவிலிருந்து காலையிலேயே கடந்துவிடுவோம். ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வார் வைத்த செருப்போடு இறங்குங்கள். பையின் இடுப்புப் பட்டையை அவிழ்த்துவிடுங்கள். விழுந்தால் பையை உதறிவிட்டு எழலாம். கைகோத்து, தண்ணீர் வரும் திசையைப் பார்த்தபடி பக்கவாட்டில் நகர வேண்டும்.

பழைய வண்ணாரப்பேட்டை, ஜவுளிக்கடை ஊழியர்: உடுப்புக்கு எவ்வளவு செலவாகும்?

ஜாக்கெட் மணாலியிலேயே வாடகைக்குக் கிடைக்கும், வாங்காதீர்கள். உள்ளே போட எம்.சி. ரோட்டில் சிந்தடிக் டி-ஷர்ட் இரண்டு போதும். பருத்தி வேண்டாம், வேர்வையை உறிஞ்சிக்கொண்டு காயாது, நின்றவுடன் குளிரும். ஜீன்ஸ் பற்றிப் பேசவே வேண்டாம். காசு போட வேண்டியது ஷூவில். முன்னால் அரை விரல் இடம் விட்டு வாங்குங்கள், இறக்கத்தில் நகம் போய் இடிக்கும். வாங்கியதும் ஒரு மாதமாவது அதையே போட்டு நடங்கள். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். பனி மேல் படும் புற ஊதாக் கதிர் 80 சதவீதம் வரை பிரதிபலித்துக் கண்ணைக் கெடுக்கும். மோவாய்க்கு அடியிலும் மூக்குக்கு அடியிலும்கூட சன்ஸ்கிரீன் தடவுங்கள்.

காசிமேடு, மீன் வியாபாரி: நெத்திலிக் கருவாடு எடுத்துட்டு வரலாமா தம்பி?

கூடாரத்தில் மூணு பேர் படுக்கிறோம் அக்கா. யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் பிடித்த பண்டம் ஏதாவது கொண்டு வருவது நல்லது, அங்கே பசி செத்துப்போகும். கடலை மிட்டாய், பேரீச்சை, புளிக்காய்ச்சல், ஊறுகாய். சமையல்காரர் சோறு, பருப்பு, ரொட்டி போடுவார். கணவாய் உயரத்தில் தண்ணீர் சுமார் 86 டிகிரியிலேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் அரிசி வேகாது. பீச் ஸ்டேஷன் அத்தோ நூடுல்ஸ் ஞாபகம் வரத்தான் செய்யும்.

பெரம்பூர், வங்கி ஊழியர்: அடல் சுரங்கம் வந்தாச்சே, எதுக்கு நடக்கணும்?

நடக்கத் தேவையே இல்லை. 2020இல் திறந்த அந்தச் சுரங்கம் 9.02 கிலோமீட்டர், பீர் பஞ்சாலைக் கால் மணி நேரத்தில் கடந்துவிடலாம். திரும்பும்போது நாமும் அதில்தான் வருவோம். நாலு நாள் நடந்த மலையின் அடியில் வண்டி சர்ரென்று போகும்போது சிலருக்குக் கோபம்கூட வரும்.

புளியந்தோப்பு, ஒரு மாணவியின் அம்மா: பொண்ணை அனுப்பலாமா? கழிப்பறை வசதி எப்படி?

குழி தோண்டி, மேலே கூடாரம் போட்டிருப்பார்கள். மண் தள்ளி மூட வேண்டும். பெண்களுக்குத் தனி. மாதவிடாய் நாட்களில் வந்தாலும் தடையில்லை, பயன்படுத்திய நாப்கினை மூடி போட்ட கவரில் திருப்பி எடுத்து வர வேண்டும்.

அம்மா, என்னோடு அனுப்பினாலும் வேறு யாரோடு அனுப்பினாலும் நாலு விஷயம் கேளுங்கள்: வனத்துறை அனுமதி இருக்கிறதா, உள்ளூர் வழிகாட்டி யார், ஆக்ஸிஜன் எத்தனை சிலிண்டர், ஒருத்தருக்கு முடியாமல் போனால் அவரோடு கீழே இறங்குவது யார். 2018 மார்ச்சில் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இறந்தவர்களில் சென்னையிலிருந்து போன பெண்களும் உண்டு. நாலாவது கேள்விக்கு மழுப்பினால் அனுப்பாதீர்கள்.

கொடுங்கையூர், ஆட்டோ ஓட்டுநர்: டிக்கெட் எப்ப போடணும்ணா?

இப்போது ரயிலில் 60 நாளுக்கு முன்னால்தான் முன்பதிவு திறக்கிறது. சென்ட்ரலில் ராத்திரி தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஏறினால் நடுவில் ஒரு நாள் முழுக்க ரயில், அதற்கடுத்த காலை டெல்லி. அங்கே காஷ்மீரி கேட்டிலிருந்து மணாலிக்கு ராத்திரி பஸ். திரும்பும் டிக்கெட்டை மட்டும் ஒரு நாள் தள்ளிப் போடுங்கள். மழைக்காலம் தொடங்கிவிட்டால் மண்டிக்கும் குலுவுக்கும் நடுவே மண் சரிந்து ரோடு அடைபடுவது சாதாரணம். டெல்லியில் ஒரு நாள் சும்மா இருக்க நேர்ந்தால் செங்கோட்டை பார்க்கலாம், பஸ் நிலையத்திலிருந்து கிட்டத்தான்.