பெர்மிட் கைக்கு வந்த பிறகே பயணம்

கேள்வி: என் மகன் தருமபுரியில் ஐ.டி.ஐ. ஃபிட்டர் படித்துவிட்டு, ஓசூரில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறான். மலேசியாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை வாங்கித் தர ஒரு தரகர் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் கேட்கிறார். "இப்போது இந்தியர்களுக்கு விசாவே வேண்டாம், பையன் முதலில் போய்ச் சேரட்டும், ஒரு மாதத்தில் அங்கேயே பெர்மிட் போட்டுவிடலாம்" என்கிறார். நகையை அடகு வைத்துப் பணம் கட்டலாமா?
— ஒரு வாசகர், பென்னாகரம்

பதில்: கட்ட வேண்டாம். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்குச் சென்று 30 நாள்கள் வரை தங்கலாம் என்பது உண்மை. ஆனால் அந்தச் சலுகை ஊர் சுற்றிப் பார்க்கவும் உறவினரைச் சந்திக்கவும் போகிறவர்களுக்கு உரியது. அப்படி நுழைந்தவர் ஒரு நாள்கூடச் சம்பளத்துக்கு வேலை செய்யக் கூடாது. உங்கள் தரகர் பாதி உண்மையைச் சொல்லி, மீதியை மறைத்திருக்கிறார்.

பெர்மிட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டியவர் தொழிலாளி அல்லர், அங்குள்ள முதலாளி. மலேசிய நிறுவனம் தனக்கு இத்தனை வெளிநாட்டுத் தொழிலாளர் தேவை என்று அரசிடம் முதலில் ஒதுக்கீடு பெற வேண்டும். அதன் பிறகு உங்கள் மகனின் பெயரையும் பாஸ்போர்ட் எண்ணையும் கொடுத்துக் குடிநுழைவுத் துறையின் (இமிகிரேஷன்) ஒப்புதலை வாங்க வேண்டும். அந்த ஒப்புதலை வைத்து, இங்கேயே மருத்துவப் பரிசோதனையை முடித்துப் பெறும் விசாவைத்தான் நம் பக்கத்தில் 'காலிங் விசா' என்கிறார்கள். அதோடு போய் இறங்கியவருக்கு ஒரு மாதத்துக்குள் மீண்டும் ஒரு பரிசோதனை உண்டு. அதில் தேறிய பிறகே தற்காலிக வேலை பெர்மிட் கிடைக்கும். அது ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. எந்த முதலாளியின் பெயரில் வந்ததோ அவரிடம் மட்டுமே வேலை செய்ய அனுமதிப்பது. இந்த வரிசை மாறாது. தரகர் சொல்வது போலக் கடைசிப் படியில் தொடங்கி முதல் படிக்கு வர முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2023 மார்ச்சில் புதிய ஒதுக்கீட்டு விண்ணப்பங்களை மலேசிய அரசு நிறுத்தி வைத்தது; பின்னர் சில துறைகளுக்கு மட்டுமே கதவு திறக்கப்பட்டது. எனவே "கோட்டா கையில் இருக்கிறது" என்று யார் சொன்னாலும், நிறுவனத்தின் பெயரையும் ஒப்புதல் கடிதத்தின் நகலையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட்டுக்குக் குறைவாக இருந்தால் அதுவே எச்சரிக்கை, ஏனெனில் 2025 முதல் அங்கே குறைந்தபட்ச ஊதியம் அதுதான்.

பெர்மிட் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை மகனிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அனுமதித்த காலம் கடந்து தங்குவது மலேசியக் குடிநுழைவுச் சட்டப்படி ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு உரிய குற்றம். சிறையைவிட அன்றாடம் வருத்துவது வேறு: சம்பளம் தராத முதலாளி மீது புகார் கொடுக்கப் போனால் முதலில் பிடிபடுவது புகார் கொடுத்தவராகவே இருப்பார். பெர்மிட்டோடு இருக்கும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு வேலையில் விபத்து நேர்ந்தால் 2019 முதல் 'சொக்சோ' என்னும் மலேசியச் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் காப்பீடு உண்டு. இயந்திரத்தில் கை போகக்கூடிய ஃபிட்டர் வேலைக்கு அந்தக் காப்பு இல்லாமல் பிள்ளையை அனுப்புவது தகாது.

இனி நம் நாட்டுப் பக்கம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு பெற்றவர்களின் பட்டியல் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் இருக்கிறது. அவர்கள் வாங்கக்கூடிய உச்சபட்சக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான், உங்களிடம் கேட்கப்படுவது அதைப் போல ஏறத்தாழ ஐந்து மடங்கு. பத்தாம் வகுப்பு தேறாதவர் மலேசியாவுக்கு வேலைக்குச் செல்லச் சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரின் அனுமதி வேண்டும், அங்கே ஒப்பந்தத்தை ஓர் அதிகாரி படித்துப் பார்ப்பார். உங்கள் மகன் பத்தாவது தேறியவராக இருந்தால் அந்த அனுமதி தேவையில்லை. அது வசதிதான் என்றாலும், ஒப்பந்தத்தை வரிவரியாகப் படிக்கும் பொறுப்பு முழுவதும் உங்கள் வீட்டின் மேல் விழுகிறது. தமிழ்நாடு அரசுக்கே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்று சென்னையில் இயங்கி வருகிறது. ஓசூர் அனுபவச் சான்றிதழோடு மகன் அங்கே பதிவு செய்துகொள்ளட்டும். அதற்குக் காத்திருக்க வேண்டியிருக்கலாம். ஆனால் நகை வீட்டில் இருக்கும்.

கேள்வி: என் கணவருக்கு வயது 52, கல்யாண சமையல் செய்கிறார். சிங்கப்பூரில் ஓர் இந்திய உணவகத்துக்கு மாதம் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளத்தில் வேலை இருப்பதாக வாட்ஸ்ஆப்பில் கடிதம் வந்திருக்கிறது. நம்பலாமா?
— ஒரு வாசகி, பாலக்கோடு

பதில்: வயது தடையில்லை. 2025 ஜூலை முதல் அங்கே வொர்க் பெர்மிட்டுக்கான வயது வரம்பு உயர்த்தப்பட்டிருக்கிறது. எனக்கு ஐயம் தருவது சம்பளம். இந்திய உணவகங்கள் நம் நாட்டிலிருந்து வொர்க் பெர்மிட்டில் சமையல்காரர்களை எடுக்க 2023 செப்டம்பர் முதல் அனுமதி உண்டு. ஆனால் அப்படி எடுப்பவருக்கு நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 2,000 வெள்ளி தர வேண்டும் என்பது நிபந்தனை. 1,000 வெள்ளி என்று எழுதிய கடிதம் அந்த நிபந்தனையோடு பொருந்தவில்லை.

உண்மையான வேலையென்றால், சிங்கப்பூர் மனிதவள அமைச்சகம் தரும் முன் ஒப்புதல் கடிதம் உங்கள் கணவர் இங்கிருந்து புறப்படும் முன்பே கைக்கு வர வேண்டும். ஐ.பி.ஏ. என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். முதலாளி யார், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கும். அது மெய்யானதா என்பதை அமைச்சகத்தின் இணையதளத்தில் சரிபார்க்கலாம். தரகர் வாயால் சொல்லும் தொகை எதுவானாலும், பிற்காலத்தில் வழக்கென்று வந்தால் பேசப்போவது அந்தக் கடிதத்தில் உள்ள தொகையே. அரசுக்கு முதலாளி கட்டும் 5,000 வெள்ளி பிணைத்தொகையையோ வெளிநாட்டுத் தொழிலாளியை வைத்திருப்பதற்கான மாதாந்தர வரியான லெவியையோ தொழிலாளியிடம் வசூலிக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. "டெபாசிட்" என்று அதை உங்களிடம் கேட்டால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: பி.இ. முடித்திருக்கிறேன். தாய்லாந்தில் கணினி வேலை, மாதம் 80,000 ரூபாய், விமான டிக்கெட்டும் அவர்களே தருகிறார்கள். தொலைபேசியில் பத்து நிமிடம் பேசித் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். போகலாமா?
— ஒரு வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: போகாதீர்கள். தாய்லாந்தில் வேலை செய்ய, வேலைக்கான 'பி' வகை விசாவும் அதற்கு மேல் தனியாக வேலை அனுமதியும் வேண்டும். சுற்றுலாப் பயணியாகப் போய் வேலையில் சேருவது அங்கே குற்றம். இதே சொற்களால் அழைக்கப்பட்டுப் பாங்காக்கில் இறங்கிய இளைஞர்கள், எல்லையைக் கடந்து மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கொண்டு செல்லப்பட்டு, இணைய மோசடி மையங்களில் அடைத்து வைக்கப்பட்டார்கள். 2025 மார்ச்சில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானப்படை விமானங்களில் மீட்டுக் கொண்டுவர வேண்டியிருந்தது. உங்களிடம் பேசியவரின் எண், அனுப்பிய செய்திகள், டிக்கெட் எதையும் அழிக்காமல், சைபர் குற்ற உதவி எண் 1930இல் இன்றே தெரிவியுங்கள். உங்களோடு படித்தவர்களில் வேறு யாருக்காவது இதே அழைப்பு வந்திருந்தால், அவர்கள் புறப்படும் முன் அவர்களுக்கும் சொல்லுங்கள்.