அமெரிக்கா என்றதும் பிரீமியம் ஏன் எகிறுகிறது?

கேள்வி: எனக்கு 62 வயது. மகளோடு தங்க நானும் மனைவியும் நான்கு மாதம் அமெரிக்கா போகிறோம். ஜப்பான் போனபோது எடுத்ததைவிட இந்த முறை பயண மருத்துவக் காப்பீட்டுக்குப் பிரீமியம் மிக அதிகம். நாடு மாறினால் ஏன் இவ்வளவு வித்தியாசம்? குறைந்த தொகைக்கு எடுத்தால் போதாதா?

பதில்: போதாது. ஏன் என்று சொல்கிறேன்.

அமெரிக்கர்கள் அடிக்கடி டாக்டரிடம் போவதால்தான் செலவு கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ஜப்பானியர்கள்தான் அவர்களைவிடப் பல மடங்கு அதிகமுறை டாக்டரைப் பார்க்கிறார்கள். மருத்துவமனையில் தங்குவதும் அதிக நாள். ஆனாலும் நாட்டின் மொத்த உற்பத்தியில் மருத்துவத்துக்குப் போவது ஜப்பானில் சுமார் 11 சதவீதம், அமெரிக்காவில் 17 சதவீதத்துக்கும் மேல். ஆக, சிகிச்சையின் அளவைவிட ஒவ்வொரு சிகிச்சைக்கும் போடும் விலைதான் பெரிய காரணம்.

அந்த விலையை யார் முடிவு செய்கிறார்கள் என்று பாருங்கள். ஜப்பானில் ஸ்கேன், அறுவை சிகிச்சை எல்லாவற்றுக்கும் பொதுக் காப்பீட்டுக்கான விலைப்பட்டியலை அரசே வெளியிடுகிறது, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திருத்துகிறது. அமெரிக்காவில் ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு காப்பீட்டு நிறுவனத்தோடும் தனித்தனியாகப் பேரம் பேசுகிறது. ஒரே ஊரில் ஒரே ஸ்கேனுக்குப் பல விலை இருக்கும். இத்தனை ஒப்பந்தங்களுக்கும் பில் போடவே பெரிய ஊழியர் படை வேண்டும். அந்தச் சம்பளமும் கட்டணத்தில்தான் ஏறுகிறது. மருந்தும் அப்படித்தான். முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், மருந்து நிறுவனங்களிடம் விலை பேசக் கூடாது என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. 2022இல்தான் அது மாறியது. பேசி முடித்த முதல் 10 மருந்துகளின் விலை 2026இல் நடைமுறைக்கு வந்தது. டாக்டர்களின் வருமானமும் அங்கே அதிகம். பணக்கார நாடு என்பது மட்டும் காரணம் என்றால் ஜப்பானிலும் இதே நிலைதானே இருக்க வேண்டும்?

இதில் உங்கள் பணத்துக்கு முக்கியமானது ஒன்று: பேரம் பேச ஆள் இல்லாதவருக்குப் பெரும்பாலும் மருத்துவமனை தானே போட்டுவைத்த, தள்ளுபடி இல்லாத பட்டியல் விலையிலேயே பில் வரும். அதுதான் எனக்குக் கவலை. எனவே அங்குள்ள மருத்துவமனைகளோடு நெட்வொர்க் ஒப்பந்தம், அதாவது முன்கூட்டியே விலை பேசிவைத்த ஒப்பந்தம், உள்ள பாலிசியாக எடுங்கள். அறை வாடகைக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு என்று தனித்தனி உச்சவரம்பு வைக்கும் மலிவு பாலிசி வேண்டாம். மொத்தத் தொகை பெரிதாகத் தெரிந்தாலும் மீதியை நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு மட்டும் இப்படி வரம்பு போடும் பாலிசிகளும் உண்டு, கவனமாகப் படியுங்கள். பிரீமியத்தைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால், காப்பீட்டுத் தொகையில் கை வைக்காமல், காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நீங்கள் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கை ('டிடக்டிபிள்') கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள். சிறு செலவைத் தாங்கிவிடலாம், பெரிய செலவைத்தான் தாங்க முடியாது.

சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். முன்பே இருந்த நோய்க்கு எதுவரை பணம் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், சாதாரணக் காய்ச்சலுக்கு அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகாதீர்கள். உயிருக்கு ஆபத்தில்லாத சிறு நோய்களை உடனே பார்க்கும் 'அர்ஜென்ட் கேர்' கிளினிக்கில் செலவு மிகக் குறைவு. நெஞ்சுவலி போன்ற அவசரம் என்றால் யோசிக்கவே வேண்டாம், நேராக மருத்துவமனைக்குப் போங்கள். பணம் இருக்கிறதா என்று பாராமல் முதலில் உங்களைப் பரிசோதித்து, ஆபத்தான நிலையிலிருந்து மீட்க வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பில் பிறகு வரும். அதற்குத்தான் இந்தப் பாலிசி.