ஒரே சொல், துறைக்கு ஒரு பொருள்: கேள்வி பதில்

கேள்வி: பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார்கள். ஒரு பொருளின் விலையும் இறங்கக் காணோமே, யார் பொய் சொல்கிறார்கள்?

பதில்: யாரும் இல்லை. பணவீக்கம் என்பது விலை அல்ல, விலை ஏறும் வேகம். போன வருடம் 100க்கு விற்றது இந்த வருடம் 108 என்றால் பணவீக்கம் 8 சதவீதம். அடுத்த வருடம் அது 4 சதவீதமாகக் குறைந்தால் விலை 112.32 ஆகும். வேகம்தான் பாதியானது, ஏற்றம் நிற்கவில்லை. விலைகள் ஒட்டுமொத்தமாக இறங்கினால் அதற்குப் பணவாட்டம் என்று பெயர். வாங்குபவருக்கு அது கொண்டாட்டமாகத் தெரியும். பொருளியலாளர்களுக்கோ வயிற்றில் புளியைக் கரைக்கும். இன்னும் இறங்கட்டும் என்று எல்லாரும் காத்திருந்தால் விற்பனை படுத்துவிடும், அப்புறம் வேலையிழப்புதான்.

கேள்வி: அதே கையோடு இதையும் சொல்லிவிடுங்கள். வட்டி 8 சதவீதத்திலிருந்து 6 ஆனால் "2 சதவீதம் குறைந்தது" என்பது சரியா?

பதில்: பேச்சில் ஓடிவிடும், கணக்கில் தப்பு. குறைந்தது 2 சதவீதப் புள்ளி. சதவீதமாகச் சொன்னால் 25, ஏனென்றால் 8இல் கால்பங்கு போய்விட்டது. யாராவது "பாதியாகக் குறைத்தோம்", "இரண்டு மடங்காக்கினோம்" என்று மார்தட்டினால் எதிலிருந்து எதற்கு என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: தக்காளி பழமா, காய்கறியா? வீட்டில் சண்டையே நடக்கிறது.

பதில்: இந்தச் சண்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1883ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டப்படி இறக்குமதியாகும் காய்கறிக்கு வரி உண்டு, பழத்துக்கு இல்லை. தக்காளி பழம்தானே, கட்டிய வரியைத் திருப்பிக் கொடுங்கள் என்று நிக்ஸ் என்ற வணிகக் குடும்பம் சுங்க அதிகாரி ஹெடன்மேல் வழக்குப் போட்டது. தாவரவியலில் பூவின் சூலகம் முதிர்ந்து உருவாவது கனி. அந்தக் கணக்கில் தக்காளி மட்டுமல்ல, வெள்ளரி, கத்தரி, மிளகாய் எல்லாமே கனிதான். நீதிபதிகள் அதை மறுக்கவில்லை. ஆனால் வரிச் சட்டம் சந்தையில் புழங்கும் பொருளில்தான் பேசுகிறது, மக்கள் தக்காளியைச் சாப்பாட்டோடு உண்கிறார்களே தவிர இனிப்புப் பண்டமாக அல்ல என்று 1893இல் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். நிக்ஸ் தோற்றார். தமிழில் 'காய்' என்பது காய்கறியையும் குறிக்கும், பழுக்காததையும் குறிக்கும். நமக்கு அது கூடுதல் வம்பு. ஆக, வீட்டில் இரண்டு கட்சியும் ஜெயித்ததாக வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: ஒரு வானியல் கட்டுரையில் ஆக்சிஜனை உலோகம் என்று எழுதியிருந்தது. அச்சுப்பிழைதானே?

பதில்: இல்லை. ஹைட்ரஜன், ஹீலியம் தவிர மற்ற எல்லாமே வானியலாளர்களுக்கு உலோகம்தான், கார்பன் உட்பட. சூரியனின் நிறையில் அந்த 'மற்றவை' 2 சதவீதம்கூடத் தேறாது. அதற்குள் தனித்தனி வகை பிரிப்பானேன் என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். வேதியியல் ஆசிரியரிடம் போய் இதைச் சொல்லாதீர்கள்.

கேள்வி: அம்மாவின் மருத்துவ அறிக்கையில் 'அக்யூட்' என்று இருந்தது. அகராதியில் 'கடுமையான' என்று போட்டிருக்கவும் எல்லாரும் பயந்துவிட்டோம்.

பதில்: அந்த அகராதிப் பொருள் மருத்துவத்துக்குப் பொருந்தாது. அங்கே அக்யூட் என்றால் திடீரென்று வந்தது, வந்து சில நாளே ஆனது என்று அர்த்தம். சாதாரண ஜலதோஷம்கூட அக்யூட்தான். இதற்கு எதிர்ப்பதம் 'க்ரானிக்', அதாவது நாட்பட்டது. பெரியவர்களுக்கு இருமல் 3 வாரத்துக்குள் இருந்தால் அக்யூட், 8 வாரத்தைத் தாண்டினால் க்ரானிக் என்று பிரிப்பார்கள். கடுமையைச் சொல்லும் சொற்கள் 'மைல்டு', 'சிவியர்' போன்றவை. அதற்காக அக்யூட் என்றால் லேசானது என்றும் எடுத்துக்கொள்ளாதீர்கள். மாரடைப்புக்கும் அதே சொல்தான். அறிக்கையில் அதற்கு அடுத்து எந்த நோயின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள், மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேளுங்கள்.