கட்டியதைச் செல் ஏன் உடைக்கிறது?

கேள்வி: பாடுபட்டுக் கட்டிய புரதத்தைச் செல் தானே உடைக்கிறதே, வீண் செலவு இல்லையா?

பதில்: செலவு உண்மைதான். ஒரு அமினோ அமிலத்தைச் சங்கிலியில் கோக்க செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறுகள் ஏறக்குறைய 4-க்குச் சமமான ஆற்றல் போகிறது. வளர்ந்தவர் உடலில் நாளொன்றுக்குச் சுமார் 250 முதல் 300 கிராம் புரதம் உடைந்து, ஏறக்குறைய அதே அளவு மறுபடி உருவாகிறது. உணவில் வருவது இதில் சிறு பங்கே. பெரும்பகுதி பழைய புரதம் உடைந்து கிடைத்த அமினோ அமிலங்கள்தான்.

இந்தச் செலவால் கிடைப்பது வேகம். உற்பத்தியை இரட்டிப்பாக்கினால் புரதத்தின் அளவும் கடைசியில் இரட்டிப்பாகும். ஆனால் எவ்வளவு சீக்கிரம் என்பது சிதைவின் கையில் இருக்கிறது. அரை ஆயுள், அதாவது இருக்கும் புரதத்தில் பாதி சிதைய ஆகும் நேரம், 20 நிமிடம் என்றால், கூடவேண்டிய அளவில் 94 சதவீதம் 80 நிமிடத்தில் வந்துவிடும். அரை ஆயுள் 2 நாள் என்றால் அதற்கே 8 நாள் ஆகும். டிஎன்ஏ சேதத்துக்கு எதிர்வினை காட்டும் பி53 புரதத்தைப் பாருங்கள். செல் அதை ஓயாமல் தயாரிக்கிறது. எம்டிஎம்2 என்ற இன்னொரு புரதம் அதை ஓயாமல் அழிவுக்கு அனுப்புகிறது. சேதம் நேர்ந்ததும் அழிப்பைத் தடுத்தாலே போதும், பி53 மளமளவென்று ஏறும். புதிதாக மரபணுவைத் தூண்டிக் காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: எதை உடைப்பது என்று எப்படித் தெரிகிறது?

பதில்: யுபிக்விட்டின் என்ற, 76 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு புரதம்தான் முத்திரை. இ1 நொதி ஏடிபி செலவழித்து அதைத் தயார்செய்யும், இ2 ஏந்திவரும், இலக்கைத் தேர்ந்து ஒட்டவைப்பது இ3. ஆளறியும் வேலை என்பதால் மனிதரில் இ3 மட்டும் சில நூறு வகை. இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்த சியெக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் மூவருக்கும் 2004-இல் வேதியியல் நோபல் கிடைத்தது.

முத்திரைச் சங்கிலி விழுந்த புரதம் புரதத்தைத் துண்டாக்கும் புரோட்டியசோம் என்ற பீப்பாய்க்குள் போகிறது. வாய் மிகக் குறுகல். மடிப்பை அவிழ்த்து நூலாக இழுத்தால்தான் நுழையும். இங்கேதான் கோளாறு வருகிறது. ஒன்றோடொன்று பிணைந்து கட்டிதட்டிய புரதங்களை அவிழ்க்க முடியாது, வாயிலேயே சிக்கும். அவற்றைச் சவ்வுப் பையில் சுற்றி, செல்லின் செரிமானப் பையான லைசோசோமுக்கு அனுப்புவது ஆட்டோஃபேஜி.

பிழையான புரதத்தைப் பிடித்து உடைக்கும் இந்தக் காவல் அளவு மீறினாலும் தொல்லைதான். நுரையீரலில் கெட்டிச் சளி சேரும் மரபுநோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸில் பரவலாகக் காணும் மரபுப் பிழையால், செல் சவ்வில் குளோரைடைக் கடத்தும் சிஎஃப்டிஆர் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் குறைகிறது. ஓரளவு வேலை செய்யக்கூடிய அந்தப் புரதத்தையும் செல் உடைத்துவிடுகிறது.

கேள்வி: பட்டினியில் என்ன ஆகும்?

பதில்: எம்டார் என்ற நொதி அடங்கும். அமினோ அமிலம், குறிப்பாக லியூசின், போதுமான அளவு இருக்கும்போது அது புரத உற்பத்தியை முடுக்கி, ஆட்டோஃபேஜியை அடக்கிவைக்கும். அடங்கினால் இரண்டும் தலைகீழ். லைசோசோமில் உடைந்த புரதத்திலிருந்து அமினோ அமிலம் சேரச் சேர எம்டார் மறுபடி விழிக்கும், உடைப்பு மட்டுப்படும்.

கேள்வி: எல்லாப் புரதமும் இப்படிப் புதுப்பிக்கப்படுமா?

பதில்: இல்லை. கண் லென்ஸின் மையத்திலுள்ள கிரிஸ்டலின்கள் பிறக்கும் முன்பே உருவானவை, மாற்றே கிடையாது. அவற்றில் சேதம் சேர்ந்து கட்டிதட்டும்போது கண்புரை வருகிறது.