அருகில் கிடைக்கும் இயற்கைப் பொருட்களைக் கொண்டு, புலன்கள் இளைப்பாறும் சிறு குடில் ஒன்றை எப்படி வடிவமைப்பது?

இப்படிப்பட்ட குடிலைக் கட்ட நினைப்பவர்களில் பெரும்பாலோர் மண்ணா, மூங்கிலா, கல்லா என்ற கேள்வியிலிருந்தே தொடங்குகிறார்கள். சிறு கட்டடங்களை வடிவமைப்பவன் என்ற முறையில் நான் அந்த வரிசையை மாற்றச் சொல்வேன். குடிலில் இருக்கப்போகிறவர் யார், அவருடைய புலன்களில் எது முதலில் களைத்துப்போகிறது என்பதை அறிந்த பிறகே பொருளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆட்டிசம் உள்ள ஒருவரால் சொரசொரப்பான சுவரைத் தொடவே முடியாமல் இருக்கலாம். இன்னொருவர் அதே சொரசொரப்பை விரும்பித் தடவிக்கொண்டிருக்கலாம். ஆகவே மண்பூச்சு, மரம், கல், நார்ப்பாய் ஆகியவற்றில் கையகல மாதிரிகளைச் செய்து, அவரையே தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் சொல்லுங்கள்.

பொருளை முடிவு செய்யும்போது ஒலிக்கே முதலிடம் தருவேன். வெளிச்சம் மிகுந்தால் திரை போடலாம், தரை குளிர்ந்தால் பாய் விரிக்கலாம். ஆனால் மெல்லிய சுவரின் வழியே வரும் இரைச்சலைப் பின்னால் தடுப்பது பெரும்பாடு. கனமான சுவர் ஒலியை நன்றாகத் தடுக்கும். சுவரின் எடை இரட்டிப்பாகும்போது ஊடுருவும் ஒலி ஏறத்தாழ 5 முதல் 6 டெசிபல் குறையும். 30 செ.மீ. தடிமனில் மண்ணை அடுக்கடுக்காகக் கொட்டி இடித்து இறுக்கிய சுவர், சதுர மீட்டருக்குச் சுமார் 600 கிலோ எடை கொண்டது என்பதால், இந்த வேலைக்கு அது மிகவும் பொருந்தும். ஆனால் கதவின் அடியில் ஒரு விரல் இடைவெளி இருந்தால் அத்தனை உழைப்பும் வீணாகிவிடும்.

பலர் கவனிக்கத் தவறுவது, ஒலியைத் தடுப்பதும் ஒலியை உறிஞ்சுவதும் வெவ்வேறு வேலைகள் என்பதைத்தான். மண்சுவர் வெளியோசையைத் தடுக்குமே தவிர, உள்ளே எழும் ஓசையைப் பெரிதும் உறிஞ்சாது. நேர் எதிரே நிற்கும் இரண்டு கடினமான சுவர்களுக்கு நடுவில் கைதட்டினால் ஓசை படபடவென்று மாறிமாறித் திரும்பும். எனவே ஒரு சுவரைச் சற்றுக் கோணலாகவோ வளைவாகவோ அமைத்து, கூரையின் உட்புறத்திலோ ஒரு சுவரிலோ நாணல், வைக்கோல், கம்பளி போன்றவற்றைத் தடிமனாக வைத்து முரட்டுத் துணியால் மூடலாம். மழை அதிகமுள்ள இடத்தில் தகரக் கூரையைத் தவிர்ப்பது நல்லது. புல்லோ ஓலையோ வேய்ந்த கூரை மழையோசையைத் தணிக்கும். ஆனால் நீர் தங்காமல் வடிய 45 பாகைக்குக் குறையாத சரிவும், தீயிலிருந்து தக்க பாதுகாப்பும் அதற்கு வேண்டும்.

தொடுபுலனுக்கு வருவோம். ஒரே அறையில் ஒரே வெப்பநிலையில் இருக்கும் கல்லும் மரமும் கைக்கு ஒரே மாதிரி தெரிவதில்லை. கருங்கல் மரத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேல் வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், அது கையின் சூட்டை இழுத்துக்கொண்டு குளிர்ந்ததாகப் படுகிறது. உடல் படும் இடங்களான கைப்பிடி, இருக்கை, சாயும் சுவர்ப்பகுதி ஆகியவற்றுக்கு மரத்தையும் நாரையும் வைத்துக்கொண்டு, கல்லைத் தரைக்கோ வேண்டுமென்றே குளிர்ச்சியை நாடும் ஒரு மூலைக்கோ ஒதுக்கலாம். ஃபின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ, 1939இல் முடிந்த வில்லா மைரியா வீட்டில் இரும்புத் தூண்களுக்குப் பிரம்பு சுற்றினார். பணம் அதிகம் இல்லாதவர்களுக்கு என் அறிவுரையும் அதுதான்: கை படும் இடத்தில் செலவழியுங்கள், கண் மட்டும் படும் இடத்தில் சிக்கனமாக இருங்கள்.

சுவிட்சர்லாந்தின் வால்ஸ் கிராமத்தில் பீட்டர் சும்தோர் வடிவமைத்து 1996இல் திறக்கப்பட்ட வெந்நீர்க் குளியலகமும் பார்க்கத் தக்கது. அவ்வூர்க் கல்லையே அடுக்கி எழுப்பிய அந்தக் கட்டடத்தில், ஒரு சிறு அறையில் நீர் 42 பாகை செல்சியஸ் வெப்பம், மற்றொன்றில் 14 பாகை. எல்லாப் புலன்களையும் ஒரே இடத்தில் தூண்டாமல், இடத்துக்கு ஒன்றாகப் பிரித்த அந்த முறையைச் சிறு குடிலிலும் பின்பற்றலாம்: இருண்ட மாடம் ஒன்று, உட்கார்ந்தால் கண்மட்டத்தில் ஜன்னல் வரும் இருக்கை ஒன்று, அவ்வளவு போதும். விளக்கு சிமிட்டாததாகவும் ஒளியைக் கூட்டிக் குறைக்கக்கூடியதாகவும் இருக்கட்டும்.

மண்சுவர் சுவாசிக்கும் என்று சொல்லப்படுவதை அப்படியே நம்பிவிட வேண்டாம். களிமண் பூச்சு காற்றின் ஈரத்தை வாங்கித் திருப்பித் தருவது உண்மை. அதனால் மூச்சுக்கு வேண்டிய புதுக்காற்று உள்ளே வந்துவிடாது. இறுக்கமாக மூடிய குடிலுக்கு, வளைந்து செல்லும் காற்றுவழி ஒன்றைத் தாழ்விலும் ஒன்றை உயரத்திலும் வைத்து, அந்த வழியின் உட்புறத்தில் நாரைப் பதித்தால், காற்று வரும், ஓசை குறையும். மணமுள்ள மரத்தை மிகக் குறைவாகவே பயன்படுத்துங்கள். இன்று இனிக்கும் வாசனை நாளை தலைவலியாகலாம், அதை அணைத்து வைக்க வழியில்லை. கதவு எந்நிலையிலும் உள்ளிருந்து தடையின்றித் திறக்க வேண்டும், அவசரத்தில் வெளியிலிருந்தும் திறக்க முடிய வேண்டும்.

மண்ணைச் சோதிப்பது எளிது. மக்கிய இலைதழை கலந்த மேல்மண்ணை நீக்கிவிட்டு, அடிமண்ணைக் கண்ணாடிப் புட்டியில் பாதியளவு போட்டு, நீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் படியும், வண்டல் சில மணி நேரத்தில் அதன்மேல் படியும், களி படிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். இடித்துக் கட்டும் சுவருக்குக் களியின் பங்கு சுமார் 15 முதல் 30 சதவீதம் இருக்கலாம்; மிகுந்தால் காயும்போது வெடிக்கும், குறைந்தால் உதிரும். சுவரைத் தரையிலிருந்து உயர்ந்த கல் அடித்தளத்தின் மீது எழுப்பி, கூரையை நன்றாக வெளியே நீட்டிவிட்டால் மழைக்கு அஞ்ச வேண்டியதில்லை. பூச்சு முழுவதும் காயும்வரை, அதற்கு வாரங்கள் ஆனாலும், யாரையும் குடியேற்ற வேண்டாம். ஈரச்சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். பூச்சுக்குச் சலித்த மண்ணில் ஒரு மூட்டையை உலர்வாக எடுத்து வையுங்கள். பிற்பாடு சுவர் பெயரும் இடத்தில் அதே நிறத்தில் ஒட்டுப்போட அது உதவும்.